மஸ்டாங்கில் சிப் போடும் முன்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாக்ரமெண்டோ வீடு பிடித்துவிட்டது, பிள்ளைகளும் புதுப் பள்ளியில் ஒட்டிக்கொண்டார்கள் என்று படித்ததில் நிம்மதி. இங்கே மிச்சிகனில் சாலையெல்லாம் இன்னும் உப்புதான். எல்லோரும் சௌக்கியம்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். 1991 ஃபோர்டு மஸ்டாங், 5.0 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர் மேனுவல். பழைய சொந்தக்காரர் டப்பாவில் போட்டுத் தந்த சிப்பை இன்ஜின் கம்ப்யூட்டரில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். மாட்டுவது அரை நாள் வேலை. ஆனால் அந்தச் சிப் எந்த வண்டிக்காக எழுதப்பட்டது என்று தெரியாமல் அதைத் தொடாதே. சிப் என்பது பவர் கூட்டும் பாகம் இல்லை. இவ்வளவு காற்று வந்தால் இவ்வளவு பெட்ரோல், இத்தனை டிகிரியில் ஸ்பார்க் என்ற அட்டவணைகள்தான் அதற்குள் இருக்கின்றன. எந்த வண்டியை மனதில் வைத்து எழுதினார்களோ அந்த வண்டியாக உன் வண்டி இருந்தால்தான் அது சரிப்படும்.

முதலில் கம்ப்யூட்டரின் லேபிளைப் பார். முன்பயணி இருக்கைப் பக்கம், கால் வைக்கும் இடத்தின் வலது ஓரத்தில், பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் அது இருக்கும். கதவடிப் பட்டையையும் அந்தப் பேனலையும் கழற்றினால் தெரியும். உன் வண்டிக்குப் பெரும்பாலும் ஏ9எல் என்று இருக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் ஏ9பி. சிப்பின் மேலோ அதனுடன் வந்த காகிதத்திலோ அதே எழுத்துகள் இருக்க வேண்டும். 1987இல் வந்த டிஏ1 கம்ப்யூட்டர் காற்றை அளக்கும் முறையே வேறு, அதற்கு எழுதியது இதற்கு ஆகாது.

அடுத்து இன்ஜெக்டரும் காற்று மீட்டரும். ஆள்கள் இன்ஜினைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். கம்பெனி வண்டியில் மணிக்கு 19 பவுண்டு பெட்ரோல் விடும் இன்ஜெக்டர்கள். பெரிதாக வேண்டும் என்று 24 பவுண்டு போடுபவர்கள், கம்ப்யூட்டரில் கை வைக்காமல் இருக்க, 'இருபத்து நாலுக்கு அளவு செய்த' மீட்டர் ஒன்றையும் சேர்த்துப் போடுவார்கள். அந்த மீட்டர் வேண்டுமென்றே பொய் சொல்லும். உள்ளே போகும் காற்றில் 79 சதவீதத்தை மட்டும் கணக்குக் காட்டும், ஏனென்றால் 19ஐ 24ஆல் வகுத்தால் அதுதான் வரும். கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைக் குறைந்த நேரம் திறக்கும், பெட்ரோல் கணக்கு நேராகிவிடும். ஆனால் ஸ்பார்க் கணக்கும் அதே காற்றளவை வைத்துத்தான் போடப்படுகிறது. காற்று குறைவாகத் தெரிவதால், இன்ஜினுக்குப் பாரம் குறைவு என்று எண்ணி டைமிங்கைக் கூட்டிவிடும், அதாவது ஸ்பார்க்கை இன்னும் முன்னதாக அடிக்கும். முழு ஆக்சிலரேட்டரில் தட்டும் சத்தம் வருவதற்கு இது ஒரு காரணம்.

இப்படிப்பட்ட வண்டியில், 24 பவுண்டு இன்ஜெக்டர் என்று ஏற்கெனவே திருத்தி எழுதிய சிப்பை மாட்டினால் என்ன ஆகும்? மீட்டர் ஒரு முறை குறைக்கிறது, சிப் இன்னொரு முறை குறைக்கிறது. முழு ஆக்சிலரேட்டரில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் 12.8க்கு 1 என்று இருக்க வேண்டியது 16.2க்கு 1 ஆகிவிடும். அந்த வறட்சியில் பிஸ்டன் தாங்காது. ஆகவே காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து மீட்டரில் என்ன ஸ்டிக்கர் இருக்கிறது, இன்ஜெக்டரின் மேல் என்ன எண் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பு. காகிதம் ஒன்றுமே இல்லை, எண்களும் பொருந்தவில்லை என்றால் அந்தச் சிப்பை டப்பாவிலேயே வை. உன் வண்டியின் விவரம் கொடுத்துப் புதிதாக எழுதி வாங்குவதே மேல்.

எல்லாம் பொருந்தினாலும் டைமிங்கைப் பார்க்காமல் மாட்டாதே. பழைய 5.0 வைத்திருப்பவர்களில் பாதிப் பேர், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 10 டிகிரியை 13, 14 ஆக்கியிருப்பார்கள். அதில் தப்பில்லை, மாற்றம் செய்யாத இன்ஜினில் சிப் தரும் லாபத்தில் பெரும்பகுதி காசில்லாமல் இப்படியே கிடைத்துவிடும் என்பதுதான் என் கருத்து. ஆனால் அடிப்படை 10 டிகிரி என்று வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் மேலே கூட்டுகிறது. 14இல் நிற்கும் வண்டியில், நாலு டிகிரி கூட்டி எழுதிய சிப்பைப் போட்டால் எட்டு டிகிரி கூடும். இந்த இன்ஜினில் நாக் சென்சார் கிடையாது. தட்டுகிறது என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல ஆளில்லை. உன் காதுதான் சொல்ல வேண்டும்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகில் ஒயரில் இருக்கும் சின்ன ஸ்பவுட் கட்டையைப் பிடுங்கு, அப்போது கம்ப்யூட்டர் டைமிங்கைக் கூட்டாது. டைமிங் லைட் அடித்து 10க்குக் கொண்டு வா. டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கி, மறுபடி லைட் அடித்துப் பார்த்துவிட்டுக் கட்டையைத் திரும்பச் செருகு. கிராங்க் புல்லியின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியது; முப்பது வருஷத்தில் ரப்பர் தளர்ந்து வளையம் நகர்ந்திருந்தால் அதன் மேலிருக்கும் டைமிங் குறி பொய் சொல்லும். முதல் சிலிண்டர் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது குறி பூஜ்யத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார். பெட்ரோல் பிரஷரை, ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 39 பிஎஸ்ஐ அருகில் இருக்க வேண்டும்.

இனி மாட்டும் வேலை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிப் பதினைந்து நிமிஷம் விடு. சாவியை அணைத்தால் மட்டும் போதாது. கற்றதை நினைவில் வைக்க இந்தக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் பேட்டரி கரண்ட் வந்துகொண்டே இருக்கும். கரண்ட் இருக்கும்போது சிப்பைச் செருகினாலோ உருவினாலோ சிப்பும் போகலாம், கம்ப்யூட்டரும் போகலாம். அறுபது முனை கனெக்டரை 10 எம்எம் போல்ட் ஒன்று பிடித்திருக்கும். அதைத் தளர்த்தினால் பெட்டி கைக்கு வந்துவிடும்.

கனெக்டருக்கு எதிர்முனையில் ஒரு மூடி. அதன் பின்னால் போர்டின் ஓரம் தெரியும். பக்கத்துக்குப் பதினைந்தாக முப்பது தகடுகள். ஃபோர்டு இன்ஜினியர்கள் இதை ஜே3 என்பார்கள். கம்ப்யூட்டர் தன் நினைவகத்தைப் படிக்கும் கம்பிகளே இங்கும் வந்து நிற்கின்றன. சிப் இங்கே உட்கார்ந்து, உள்ளே இருக்கும் நினைவகத்தை வாய்மூட வைத்துவிட்டுத் தானே பதில் சொல்கிறது. முப்பதில் ஒரு தகடு சரியாகத் தொடாவிட்டாலும் பதில் குளறும்.

அந்தத் தகடுகளின் மேல் ஈரம் படாமல் இருக்க வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மங்கலான தோல் போலத் தெரியும். சிப் போட்டு வண்டி எடுக்கவில்லை என்று வருபவர்களில் மிகுதியானவர்களின் கோளாறு இந்தப் பூச்சுதான், சிப் இல்லை. பெட்டியின் திருகுகளைக் கழற்றிப் போர்டை வெளியே எடு. மற்ற இடங்களில் படாதபடி டேப் ஒட்டு. லாக்கர் தின்னரில் நனைத்த காதுக்குச்சியால் தேய்த்தால் பஞ்சில் பழுப்பு ஏறும். குச்சியை மாற்றி மாற்றித் தேய். பழுப்பு வருவது நின்றதும், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் ஒரு துண்டால் மெதுவாக, தகட்டின் நீளவாட்டில் நாலைந்து இழுப்பு. உப்புத்தாள் வேண்டாம், தகடே போய்விடும். கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடு. மேல்பக்கத்தைப் பளபளவென்று ஆக்கிவிட்டு அடிப்பக்கத்தை மறந்துவிடுபவர்கள் நிறைய. போர்டைத் திருப்பிப் பார். தகடுகளின் இடைவெளியில் நார்த் தூசி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

பெட்டி திறந்திருக்கும்போதே போர்டில் உருளையாக நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களைக் கவனி. இந்த வயதில் அவை கசிந்து, அடியில் இருக்கும் செம்பை அரிக்கும். பிசுபிசுப்போ பச்சையோ மீன்வாடையோ இருந்தால் மேலே அச்சிட்ட அதே மதிப்பில், முனை மாறாமல், புதிதாகப் பற்றவை. இதைச் செய்யாமல் சிப் போடுவது வீண்.

சிப்பில் கண்ணாடி ஜன்னல் இருந்தால் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதே. அந்த வகை நினைவகம் புற ஊதா ஒளியில் அழியும். நேர் வெயிலில் ஒரு வாரமே போதும்.

சிப்பை எந்தப் பக்கம் மேலாக வைப்பது என்பதைக் காகிதத்தில் பார்த்துக்கொண்டு, கோணாமல் நேராக, தடுக்கும் வரை செருகு. கொஞ்சம் இறுக்கமாகத்தான் போகும். வழுக்கிக்கொண்டு போனால் பிடிப்பு போதாது என்று அர்த்தம். ஒரு பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டு, பேனல் மூடும்போது சிப்பை நெருக்கக் கூடாது. இந்த மாடலில் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்து தண்ணீர் கசிந்து அந்தப் பக்கம் இறங்குவது வழக்கம். கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டே மூடு.

பேட்டரியை மாட்டிச் சாவியை ஆனில் மட்டும் வை. பெட்ரோல் பம்ப் இரண்டொரு விநாடி ஹம் என்று ஓடி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டர் புரோகிராமைப் படிக்கவில்லை. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் சாவியை அணை, பேட்டரியைக் கழற்று, மறுபடி தகடுகளைச் சுத்தம் செய். சில சமயம் அந்த நிலையிலேயே வண்டி எடுத்துவிடும், ஆனால் டைமிங் 10இலேயே நின்று இழுவையில்லாமல் நொண்டும். பம்ப் ஒழுங்காக நின்றால் கம்ப்யூட்டரின் செல்ஃப் டெஸ்ட் ஓட்டு. கோட் 11 வந்தால் சரி. 15 என்பது நினைவகக் கோளாறு. பேட்டரி கழற்றியதாலும் அது ஒரு முறை பதிவாகியிருக்கும். அழித்துவிட்டு, ஓட்டிய பிறகு திரும்பப் பார். அப்போதும் வந்தால் தகடுகள்தான்.

முதல் நாள் ஐடிலிங் ஏறி இறங்கும், பயப்படாதே. கற்றதெல்லாம் அழிந்துவிட்டது, திரும்பக் கற்க வேண்டும். ஏசி, விளக்கு எதுவும் போடாமல் சில நிமிஷம் ஓடவிட்டு, பிறகு நிதானமாக ஓட்டு. டாங்கில் 91 ஆக்டேன் பெட்ரோல் மட்டும் இருக்கட்டும். புகையை அளந்து காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் மீட்டர் போடாமல் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்க வேண்டாம். சிப்பை விட அந்த மீட்டருக்குக் காசு செலவழிப்பது புத்திசாலித்தனம். மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது 12.5க்கும் 13க்கும் நடுவில் நிற்க வேண்டும். 13.5 தாண்டினால் உடனே காலை எடு. தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கிய மாதிரி சத்தம் கேட்டாலும் அப்படியே. பிறகு பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பார். மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளியோ, மின்னும் அலுமினியத் துகளோ இருந்தால் டைமிங் அதிகம்.

ஒன்று மறந்துவிட்டேன். கலிஃபோர்னியாவில் 1991 வண்டிக்கு ஸ்மாக் என்ற புகைப் பரிசோதனை உண்டு. அந்த மாநிலக் காற்று வாரியத்தின் எக்ஸிகியூட்டிவ் ஆர்டர் என்ற அனுமதி எண் இல்லாத சிப் அங்கே செல்லாது, சாலையில் ஓட்டும் வண்டியில் போடுவதும் சட்டப்படி தப்பு. சிப்பில் அந்த எண் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் டைமிங்கும் பிரஷரும் கெபாசிட்டரும் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்.

ஏ9எல் லேபிள், மீட்டர் ஸ்டிக்கர், இன்ஜெக்டர் எண், சிப்பின் இரண்டு பக்கம், இந்தப் படங்கள் எல்லாம் வேண்டும். டைமிங் எத்தனையில் நின்றது என்பதையும் எழுது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

அன்புடன்,
சேகர்