கடனைச் ‘சொத்து’ என்று எழுதாதீர்கள்: தமிழ்நாட்டில் கடன் கொடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழு; அதன் ஒருங்கிணைப்பாளரான இந்தியன் ஓவர்சீஸ் வங்கி; மாநிலத்தில் கடன் வழங்கும் வங்கிகள், வங்கிசாரா நிதி நிறுவனங்கள் அனைத்தும்.

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

‘தங்கள் கணக்கு செயல்படாச் சொத்தாக வகைப்படுத்தப்பட்டுள்ளது’ என்று ஒரு கடிதம் வந்தால், அதைப் படிக்கும் பட்டறைக்காரர் முதலில் நினைப்பது தன் வீட்டையோ பட்டறையையோதான். ‘பட்டறை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எது செயல்படவில்லை?’ என்று அவர் கேட்பதில் தவறே இல்லை. சொத்து என்றால் நிலம், வீடு, நகை என்றுதான் தமிழில் பொருள். வங்கியின் ஏட்டிலோ சொத்து என்பது அவர் வாங்கிய கடன். வாங்கியவருக்கு அது பொறுப்பு, கொடுத்தவருக்கு அது சொத்து. கடிதம் கொடுத்தவரின் ஏட்டிலிருந்து பேசுகிறது, படிப்பவர் தன் ஏட்டை வைத்துப் புரிந்துகொள்கிறார். நாட்கள் ஓடுவது இந்தக் குழப்பத்தில்தான்.

கடன் ஆவணங்களை எழுதியும் படித்துச் சொல்லியும் வரும் எங்களுக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நெருக்கடிக்குள்ளான கடன் என்றால் என்ன, அது எந்த நாளில் தொடங்குகிறது, எவ்வளவு கட்டினால் விலகும் என்பதைக் கையெழுத்து வாங்கும் நாளிலேயே, தேதியோடும் தொகையோடும், தமிழில் எழுதிக் கொடுங்கள்.

இன்றைய ஒப்பந்தங்களில் ‘டிஸ்ட்ரெஸ்டு’, ‘ஸ்ட்ரெஸ்டு’, ‘என்பிஏ’, ‘டீஃபால்ட்’ ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. நான்கும் ஒன்றல்ல. டீஃபால்ட் என்பது ஒப்பந்தம் சொல்லும் தவறுகை. ஒரு தவணை ஒரு நாள் பிந்தினாலும் அது நேரலாம். பணம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, அடமானத்தின் மதிப்பு இறங்கியதாலோ, காப்பீட்டைப் புதுப்பிக்காததாலோ, வேறொரு வங்கியின் கடன் தவறியதாலோகூட நேரலாம். என்பிஏ, அதாவது மேலே சொன்ன கடிதத்தின் ‘செயல்படாச் சொத்து’ அல்லது வாராக்கடன், ரிசர்வ் வங்கியின் அளவுகோல்: அசலோ வட்டியோ 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நிற்பது. ‘ஸ்ட்ரெஸ்டு’ இதைவிட அகலமானது. கடன்களை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றுவது பற்றி ரிசர்வ் வங்கி 2021 செப்டம்பர் 24 அன்று வெளியிட்ட நெறிமுறை, வாராக்கடனோடு எஸ்எம்ஏ என்னும் சிறப்புக் கவனக் கணக்குகளையும், அதாவது நிலுவை தொடங்கியும் இன்னும் வாராக்கடன் ஆகாதவற்றையும், அந்தச் சொல்லுக்குள் சேர்த்தது. ‘டிஸ்ட்ரெஸ்டு’ என்பதற்கோ ஒப்பந்தம் எழுதியவர் கொடுக்கும் பொருள்தான் பொருள். பொருள்விளக்கப் பகுதியில் அந்தச் சொல் இல்லாமல், கடனை வேறொருவருக்குக் கைமாற்றும் உரிமை மாற்றப் பிரிவில் மட்டும் திடீரென்று தலைகாட்டினால் அது வழக்குக்கு வைத்த விதை.

இனி நாள் கணக்கு. ரிசர்வ் வங்கியின் 2021 நவம்பர் 12 சுற்றறிக்கை இதில் ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. தவணை நாளன்று வங்கி நாளிறுதிக் கணக்கை முடிக்கும்போது முழுத் தொகை வந்திருக்காவிட்டால், அந்த நாளே நிலுவை நாள். தவணை ரூ.40,000, தவணை நாள் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். 2026 ஏப்ரல் 10 தவணை வரவில்லை. அன்றே கணக்கு எஸ்எம்ஏ-0. அப்படியே தொடர்ந்தால் மே 10 அன்று எஸ்எம்ஏ-1, ஜூன் 9 அன்று எஸ்எம்ஏ-2, ஜூலை 9 நாளிறுதியில் வாராக்கடன். ஞாயிறும் பண்டிகையும் இந்தக் கணக்கில் கழிவதில்லை. ‘மூணு மாசம் டைம் இருக்கு’ என்று கிளையில் வாய்மொழியாகச் சொல்லப்படுவது இந்தத் தேதிகளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஏப்ரல் 10-இலிருந்து மூன்று மாதம் என்று எண்ணுகிறவர் ஜூலை 10-க்கு வந்து நிற்பார்.

அந்த ஒரு நாளின் விலையைப் பாருங்கள். ஜூலை 9 நாளிறுதிக்குள் ரூ.40,000 மட்டும் கட்டினால், அது மிகப் பழைய நிலுவையான ஏப்ரல் தவணைக்குப் போகும். மிஞ்சும் பழைய நிலுவை மே 10-இலிருந்து, அதாவது 60 நாள். கணக்கு எஸ்எம்ஏ-2-இல் நிற்கும், வாராக்கடன் ஆகாது. அதே ரூ.40,000-ஐ மறுநாள் கட்டினால் பயனில்லை. வாராக்கடன் ஆன கணக்கு, அசல் வட்டி நிலுவை முழுவதையும் தீர்த்தால்தான் சீரான கணக்காகத் திரும்பும். அப்போது வேண்டியது ஏப்ரல், மே, ஜூன் தவணைகளோடு அன்றைக்கு விழும் ஜூலைத் தவணையும் சேர்த்து ரூ.1,60,000. முந்தின நாள் நாற்பதாயிரத்தில் நின்றிருக்கும் விஷயம் இது.

அந்த நாற்பதாயிரமும் சில ஒப்பந்தங்களில் போதாது. வரும் பணத்தை முதலில் கட்டணங்களுக்கும், பிறகு வட்டிக்கும், கடைசியாக அசலுக்கும் வரவு வைக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கும். காசோலையோ தானியங்கிப் பற்றோ திரும்பியதற்குக் கட்டணம் ரூ.500, அதற்கு 18% ஜிஎஸ்டி சேர்த்து ரூ.590 என்று கொள்வோம். அது முதலில் போய்விட்டால் ஏப்ரல் தவணையில் ரூ.590 பாக்கி நிற்கும். பாக்கி சிறிதா பெரிதா என்று கணினி பார்ப்பதில்லை. கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். எங்கள் பார்வையில், ஒப்பந்தம் முழுவதிலும் கடன் வாங்குபவருக்குக் கட்டாயம் வாசித்துக் காட்ட வேண்டிய பிரிவு இந்த வரவு வைக்கும் வரிசைதான். வட்டி விகிதத்தை எப்படியும் அவரே கேட்டுத் தெரிந்துகொள்வார்.

ஓடி என்னும் ஓவர்டிராஃப்ட் கணக்கு, கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருப்பவர்களின் பாடு இன்னும் சிக்கல். அங்கே தவணையே கிடையாது. நிலுவைத் தொகை 90 நாள் தொடர்ந்து வரம்பையோ சரக்கிருப்பை வைத்துக் கணக்கிடும் எடுக்கத்தக்க அளவையோ, அதாவது டிராயிங் பவரையோ, மீறி நின்றால் கணக்கு ஒழுங்கிழந்து வாராக்கடன் ஆகும். 90 நாள் வரவே இல்லாவிட்டாலும், வந்த வரவு அந்தக் காலத்தில் பற்று வைத்த வட்டிக்குக்கூடக் காணாவிட்டாலும் அதே கதிதான். வரம்பு ரூ.50 லட்சம் என்பதை மட்டும் மனதில் வைத்திருக்கும் திருப்பூர் உற்பத்தியாளர், சரக்கிருப்பு ரூ.40 லட்சத்துக்கு இறங்கியபோது வங்கி கடன் தராமல் ஒதுக்கும் பங்கான 25% மார்ஜினைக் கழித்து டிராயிங் பவர் ரூ.30 லட்சம் ஆகிவிட்டதைக் கவனிப்பதில்லை. கணக்கில் ரூ.38 லட்சம் எடுத்திருக்கிறார். வரம்புக்குள் ரூ.12 லட்சம் மிச்சம் இருப்பதாக அவர் நினைக்கிறார், வங்கியின் ஏட்டில் ரூ.8 லட்சம் மீறல் ஓடிக்கொண்டிருக்கிறது. சரக்கிருப்பு அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டால், அதை வைத்துப் போட்ட டிராயிங் பவரின் பேரில் நிற்கும் நிலுவையே ஒழுங்கற்றதாகிவிடும். வரம்பைப் புதுப்பிக்க வேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் கணக்கு வாராக்கடன்தான். தொழில் நன்றாக நடந்து, வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும் கணக்கு வெறும் காகிதத்தால் கவிழ்வது இந்த இரண்டு இடங்களில். காகிதம் பிந்தியதற்கு யார் காரணம் என்று விதி கேட்பதில்லை.

இன்னொன்று: வகைப்பாடு கணக்கு வாரியாக அல்ல, ஆள் வாரியாக. ஒரே வங்கியில் ஒருவருக்கு இயந்திரக் கடன், கேஷ் கிரெடிட், வேன் கடன் மூன்றும் இருந்து, வேன் கடன் மட்டும் 90 நாளைத் தாண்டினால் மூன்றும் வாராக்கடன். இதை முன்கூட்டித் தெரிந்தவர் கையில் இருக்கும் பணத்தை முதலில் வேனுக்குக் கட்டியிருப்பார்.

அதே நவம்பர் 12 சுற்றறிக்கை, தவணை நாள், அசல் வட்டிப் பிரிப்பு, எஸ்எம்ஏ மற்றும் வாராக்கடன் தேதிகளுக்கான எடுத்துக்காட்டு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னது. புதுக் கடன்களுக்கு 2021 டிசம்பர் 31 வரை கெடு வைத்தது. பழைய கடன்களுக்குப் புதுப்பிக்கும்போது சேர்க்கச் சொன்னது. இணையதளத்தில் விளக்கம் வைக்கவும், கிளைகளில் சுவரொட்டி ஒட்டுவது பற்றிப் பரிசீலிக்கவும் சொன்னது. ஆகவே நாங்கள் கேட்பது புதிய சலுகை எதுவுமில்லை. எடுத்துக்காட்டு என்ற பெயரில் சுற்றறிக்கையில் இருந்த 2021 மார்ச் 31 உதாரணத்தையே ஆங்கிலத்தில் அப்படியே இணைப்பாக ஒட்டுவது போதாது என்றுதான் சொல்கிறோம். கடன் வாங்குபவரின் தவணை நாளைப் போட்டுத் தேதிகளைக் கணக்கிட்டுத் தர ஒரு சிறு அட்டவணை போதும், உங்கள் மென்பொருளுக்கு அது ஒரு நிமிட வேலை.

மொழி விஷயத்தில் ஒரு முரணைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. நீதிமன்றம் போகாமலே அடமானத்தைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டத்தின் விதிப்படி, அடமான வீட்டை வங்கி கைப்பற்றினால் அந்த அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். அதாவது வீடு போகும்போது தமிழ் கட்டாயம், கையெழுத்துப் போடும்போது கட்டாயமில்லை என்ற நிலைதான் வங்கிக் கடன்களில் நெடுங்காலம் இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களின் தவணைக் கடன்களுக்கும், வாங்குபவருக்குப் புரியும் மொழியில் முக்கிய விவர அறிக்கை தரவேண்டும் என்றாகியிருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் கேஷ் கிரெடிட் தவணைக் கடன் இல்லையே. சிக்கல் அதிகமுள்ள கணக்குக்குத் தமிழ் விளக்கம் இல்லாமல் போகிறது. விதி கேட்காவிட்டாலும் நீங்களாகவே கொடுக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

கடன் கைமாறும் பிரிவையும் அதே அறிக்கையில் ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாதீர்கள். வாராக்கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்க, கடன் வாங்கியவரின் இசைவு வேண்டியதில்லை. ஒரு கோடி ரூபாய் கடனை அந்த நிறுவனம் ரூ.35 லட்சத்துக்கு வாங்கியது என்று வைத்துக்கொண்டால், கடனாளியின் கடன் ரூ.35 லட்சமாகக் குறைந்துவிடாது. முழுக் கோடியும் அப்படியே நிற்கும், கேட்கும் ஆள்தான் மாறுவார். ‘அவங்க வாங்குன விலைக்கே முடிச்சுக்கலாம்’ என்று நம்பி, நிலுவையைக் கட்டச் சொல்லும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) அறிவிப்பு தரும் 60 நாளையும் பேச்சுவார்த்தையில் கழிப்பவர்கள் உண்டு. அந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டியது கடன் கொடுத்தவரின் கடமை. கைப்பற்றல் நடவடிக்கை வந்த பிறகு, சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயங்களில் உரியதில் 45 நாளுக்குள் போக வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பு முழு நிலுவையையும் கட்டினால்தான் சொத்தை மீட்கும் உரிமை உண்டு. 2016 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கதவு முன்பைவிடச் சீக்கிரம் மூடிவிடுகிறது.

இந்தக் கட்டத்துக்கு வருமுன்பே தடுக்க ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றித்தான் ஒப்பந்தங்கள் மூச்சுவிடுவதில்லை. ரூ.25 கோடி வரை கடன் உள்ள சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மீட்சி மற்றும் மறுவாழ்வுக் கட்டமைப்பை 2016 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்டது. கணக்கு வாராக்கடன் ஆகும் முன்பே நலிவைக் கண்டறிந்து, சரிசெய்தல், மறுசீரமைப்பு, வசூல் ஆகிய மூன்றில் ஒன்றை இதற்கென வங்கி அமைக்கும் குழு முடிவு செய்ய வேண்டும். கடன் வாங்கியவரே விண்ணப்பிக்கவும் முடியும். இது வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று புரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, நிறுவனமும் விழிப்பாக இருந்து, கணக்கு வாராக்கடன் ஆகும் முன்பே தன் தகுதிக்கான சான்றுகளைக் கொடுத்திருக்க வேண்டும், நடவடிக்கையெல்லாம் முடிந்த பிறகு இந்தக் கட்டமைப்பைக் காட்டித் தடுக்க முடியாது என்றும் சொன்னது. அப்படியானால், சிறு, குறு, நடுத்தர நிறுவனம் என்பதற்கான பதிவுச் சான்றான உத்யம் சான்றிதழை ஒப்பந்த நாளிலேயே கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள், விண்ணப்பப் படிவத்தை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். எஸ்எம்ஏ-1 குறுஞ்செய்தியில் ‘உடனே செலுத்தவும்’ என்று மட்டும் அனுப்பாமல், ‘எந்தத் தேதிக்குள் எவ்வளவு’ என்பதையும் இந்தப் படிவத்தின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.

கீழே ஒரு மாதிரி வாசகம் வைத்திருக்கிறோம். மாற்றி எழுதிக்கொள்ளலாம். ‘சொத்து’ என்ற சொல்லை மட்டும் அடமானப் பொருளுக்கே விட்டுவிடுங்கள்.

“இந்த ஒப்பந்தத்தில் ‘நலிந்த கடன்’ என்பது, ஏதேனும் ஒரு தவணை நிலுவையாகி எஸ்எம்ஏ-0, 1, 2 ஆகியவற்றில் ஒன்றாகவோ வாராக்கடனாகவோ வகைப்படுத்தப்பட்ட கடன். ‘அடமானச் சொத்து’ என்பது அட்டவணை 2-இல் உள்ள நிலமும் கட்டடமும் மட்டுமே. உங்கள் முதல் தவணை ____ அன்று வராவிட்டால், ____ அன்று எஸ்எம்ஏ-1, ____ அன்று எஸ்எம்ஏ-2, ____ அன்று வாராக்கடன். வாராக்கடன் ஆவதைத் தடுக்க, அந்நாள் நாளிறுதிக்குள் குறைந்தது ரூ.____ எங்களுக்கு வந்து சேர வேண்டும். இதில் கட்டணம் ரூ.____ அடங்கும். நீங்கள் கட்டும் பணம் பின்வரும் வரிசையில் வரவு வைக்கப்படும்: ____. இந்த வங்கியில் உங்களுக்குள்ள வேறு கடன்கள்: ____. இவற்றில் ஒன்று வாராக்கடன் ஆனால் எல்லாமே வாராக்கடன் ஆகும்.”

இப்படிக்கு,
கடன் ஆவணங்களோடு வேலை செய்யும் கணக்காளர்கள், வழக்கறிஞர்கள் சிலர்