ஜெல் ஆற்றுவது புண்ணைத்தான்

ஆசிரியருக்கு,

சட்டைத் தையல் உரசினாலே தோல் கொப்புளித்து உரியும் டிஸ்ட்ரோபிக் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற மரபணுக் குறைபாட்டு நோய் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால், 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வைஜுவெக் ஜெல்லை ‘நோயைத் தீர்க்கும் மருந்து’ என்றது மிகை. பெருக முடியாதபடி மாற்றிய ஹெர்பிஸ் வைரஸ், புண்ணிலுள்ள செல்களுக்குச் சரியான மரபணுவைக் கொண்டு சேர்க்கிறது. மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் 7ஆம் வகை கொலாஜன் என்ற புரதம் அங்கே உருவாகிறது. அந்த மரபணு செல்லின் டி.என்.ஏ.வோடு சேர்ந்து நிலைத்துவிடுவதில்லை. வாரந்தோறும் போட வேண்டியிருப்பது அதனால்தான்.

31 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதத்தில் 67 சதவீதப் புண்கள் முழுமையாக ஆறின. மருந்தில்லாத ஜெல் போட்டவற்றில் 22 சதவீதம். பெரிய விஷயம்தான்! ஆனாலும் உணவுக்குழாயில் வரும் கொப்புளங்களை இது எட்டாது. ஜெல்லைப் புண்ணின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுக் கட்டுப்போட வேண்டும். கட்டுப் பிரிக்கும்போது குழந்தை படும் வேதனை பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

- ஒரு வாசகர்