நிலாவாரை போடப் போகும் மாப்பிள்ளைக்கு

நாங்குநேரி,
ஆவணி மாதம்.

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தை உடம்பு தேறி வருகிறது என்று அறிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஒன்றரை ஏக்கரில் இந்த வருஷம் மிளகாயை விட்டுவிட்டு, மலமிளக்கி மருந்துக்கு இலையும் காயும் தரும் நிலாவாரை (சென்னா) போடப் போவதாக எழுதியிருக்கிறாய். நல்ல முடிவு. தண்ணீர் குறைவாகக் கேட்கும், உவர் கொஞ்சம் இருந்தாலும் தாங்கும், ஆடு மாடும் அதிகம் வாய் வைக்காது.

ஆனால் கடிதத்தில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. “இலையைப் பறித்துக்கொண்டே வந்து, கடைசியில் காயை முற்றவிட்டு அடுத்த வருஷத்துக்கு விதையும் எடுத்துக்கொள்ளலாம்” என்கிறாய். அப்படிச் செய்யாதே. இலை நன்றாக வர வேண்டுமென்றால் பூங்கொத்தைக் கிள்ள வேண்டும். மருந்துக் காய் வேண்டுமென்றால் காய் பசுமஞ்சளாக, உள்ளே விதை மெலிந்திருக்கும்போதே பறிக்க வேண்டும், ஏனென்றால் மலத்தை இளக்கும் சத்தான சென்னோசைடு இருப்பது காயின் தோலில். விதையில் அது அற்பம். விதை வேண்டுமென்றால் காய் பழுப்பாகிச் செடியிலேயே உலர வேண்டும். மூன்றையும் ஒரே செடியிடம் கேட்டால் மூன்றும் அரைகுறையாகத்தான் வரும். கடைசிப் பறிப்பில் ஓய்ந்துபோன செடி தரும் விதை சுருங்கியிருக்கும், முளைப்பும் மோசம். பத்து சென்ட்டைத் தனியாக ஒதுக்கி விதைக்கென்றே விட்டுவிடு. மற்ற இடத்தில் இலையை மட்டும் பார்.

முதலில் விதை வாங்கும் விஷயம். தூத்துக்குடி வியாபாரத்தில் இந்த இலையையும் அவுரி என்றே சொல்வார்கள். தலைக்குச் சாயம் போடுகிற நீல அவுரி வேறு செடி. அதன் விதை மிகச் சின்னது, கனசதுரம் போல மூலை மூலையாக இருக்கும். நமக்கு வேண்டியது தட்டையானது, கெட்டித்தோல் உள்ளது, மேலே சுருக்கம் விழுந்தது. கையில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. ரகத்தில் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் கே.கே.எம். 1 நம் சீமைக்குப் பழகியது. ஏ.எல்.எஃப்.டி. 2 குஜராத்தின் ஆனந்திலிருந்து வந்தது, பூக்கத் தாமதமாகும். இலைக்காகப் போடுகிறவனுக்கு அதுவே வசதி, பூக்கிள்ளும் ஆள்கூலி மிச்சம்.

இதைத் தண்டு வெட்டி நட்டுப் பெருக்குவதில்லை, விதைதான். நாற்றங்கால் விட்டுப் பிடுங்கி நடுவதும் வேண்டாம், ஆணிவேர் ஒடிந்தால் செடி தேறாது. நேராக நிலத்தில் விதை. இடைவெளி நிரப்ப மட்டும் ஐம்பது அறுபது பையில் செடி வைத்துக்கொள்.

“விதைத்தேன், பாதிதான் முளைத்தது” என்று பலரும் சொல்வதற்கு விதையின் தோல்தான் காரணம். நீர் உள்ளே புகாத அளவுக்கு அது கெட்டி. நல்ல விதைகூட மாதக்கணக்கில் மண்ணில் கல்லாகக் கிடக்கும். பிறகு ஒரு மழைக்குக் கொஞ்சம், அடுத்த மழைக்குக் கொஞ்சம் என்று முளைக்கும். அப்படி வயதும் உயரமும் கலந்து நிற்கும் வயலில் எந்த நாளில் பறித்தாலும் நஷ்டம். அதனால் தோலைச் சிராய்க்க வேண்டும். விதைக்குச் சம அளவு பருமணல் சேர்த்துச் சாக்கில் கட்டித் தரையில் அழுத்தித் தேய்க்கலாம். இல்லாவிட்டால் உரலில் போட்டு மர உலக்கையால் மெதுவாக, இடிக்காமல், ஐந்து நிமிஷம் புரட்டிக் குத்தலாம். மேலே உள்ள பளபளப்பு மங்கியதும் நிறுத்து. பருப்பு இரண்டாக உடைந்து தெரிந்தால் மிஞ்சிவிட்டது என்று பொருள். கொதிநீரில் போடும் வழியும் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை: சூடு சீராகப் பரவாது, ஒரு பங்கு வெந்தே போகும்.

சிராய்த்ததும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடு. காலையில் உப்பிய விதை தனியாகத் தெரியும். உப்பாதது இன்னும் கல், அதை உலர்த்தி மறுபடி மணலில் தேய். விலைக்கு வாங்கிய மூட்டையில் நூறு விதையை எண்ணி எடுத்து, இதே மாதிரி செய்து, ஈரச் சாக்கில் சுருட்டிவைத்துப் பத்தாம் நாள் எண்ணிப் பார். அறுபதுக்குக் கீழே இருந்தால் விதை அளவைக் கூட்டு. காய்ந்த மண்ணில் மழையை நம்பி விதைப்பதாக இருந்தால் மட்டும் ஊற வைக்காதே, சிராய்த்ததோடு விட்டுவிடு. ஊறிய விதை ஈரம் இல்லாத மண்ணில் விழுந்தால் இரண்டே நாளில் செத்துப்போகும்.

விதைப்பதற்கு முன் கிலோவுக்கு நாலு கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) கலந்து நிழலில் உலர்த்து. வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபியம் நுண்ணுயிர்ப் பொட்டலம் வாங்காதே. பயறுக் குடும்பம்தானே என்று கடைக்காரர் நீட்டுவார், ஆனால் கொன்றை, ஆவாரை, நிலாவாரை இந்த இனத்துச் செடிகளின் வேரில் முடிச்சு விழாது. காற்றிலிருந்து தழைச்சத்தை இது சேர்க்காது. நாம்தான் போட வேண்டும். உளுந்துக்குப் போடுவதைப் போல நினைத்துச் சும்மா விட்டால் இலை வெளிறிப்போய் சின்னதாக நிற்கும். அடியுரமாக ஏக்கருக்கு நாலு டன் மக்கிய தொழுவுரம், பிறகு ஒவ்வொரு பறிப்புக்கும் அப்புறம் ஈரம் பார்த்துப் பதினைந்து கிலோ யூரியா. அதற்கு மேல் போனால் இலை கொழுக்கும், புழுவும் அங்கேதான் கூடும்.

விதைக்கும் நாளைப் பற்றித்தான் நீ அதிகம் யோசிக்க வேண்டும். செவல் மண்ணாக இருந்தால் புரட்டாசிக் கடைசியில் போடு என்பேன். உன்னுடையது கரிசல். ஐப்பசி மழையில் ஒரு நாள் தண்ணீர் கட்டி நின்றால் போதும், இளஞ்செடி அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். மூன்றாம் நாள் பார்த்தால் பாத்தி பாத்தியாகக் காலி. ஆகவே பெருமழை ஓயட்டும். கார்த்திகை நடுவில், மண்ணில் உள்ள ஈரத்தை வைத்தே விதை. முதல் பறிப்பு தை மாதம் வரும், மழை ஓய்ந்திருப்பதால் காய வைக்கச் சுலபம். மழைக்கு முன்னால் விதைத்தால் பறிப்பு மார்கழித் தூறலில் மாட்டும். அப்படிப் பறித்த இலை களத்திலேயே கறுத்துவிடும். இப்போதே வடிகால் வாய்க்காலை வெட்டி வை.

வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 30,000 செடி நிற்கும். வரிசை விதைப்புக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ, கைவிதைப்புக்குப் பத்து கிலோ. ஆழம் இரண்டு செ.மீ. தாண்டக் கூடாது. பிந்தி முளைப்பதையும் சேர்த்துப் பன்னிரண்டு நாளில் முளைப்பு முடிந்துவிடும். இருபத்தைந்தாம் நாள் களை எடுக்கும்போதே நெருக்கமாக நிற்கும் செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிடு. இரண்டாம் களை நாற்பத்தைந்தில். அப்புறம் செடி நிலத்தை மூடிக்கொள்ளும்.

பூச்சியில் முக்கியமானது வெளிர்நிற வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழு. துளிர் இலையில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். வரப்பில் தகரையும் பேயாவாரையும் நின்றால் அங்கிருந்துதான் வரும், அதனால் முதலில் வரப்பைச் சுத்தம் செய். பெரிய புழுவை ஆள் விட்டுப் பொறுக்கு. சின்னதுக்கு ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். காய்ப்புழு உன் விதைப் பாத்தியில்தான் தொல்லை தரும். ரசாயன மருந்தை மறந்துவிடு. பறித்த இலையைக் கழுவாமல் காயவைத்து அப்படியே நோயாளி வயிற்றுக்குள் அனுப்புகிறார்கள். வெளிநாட்டுக்கு வாங்குபவர்கள் மருந்து எச்சத்தைச் சோதிக்காமல் எடுக்க மாட்டார்கள்.

பறிப்பு அறுபதிலிருந்து எழுபது நாளில் தொடங்கும். இலை விரிந்து, தடித்து, லேசாக நீலம் பாய்ந்த பச்சையாக இருக்க வேண்டும். அடியிலிருந்து உருவிப் பறி, நுனித் துளிரை விட்டுவிடு. அடுத்தது நூறாம் நாள் வாக்கில். மூன்றாவது நூற்றிமுப்பதுக்கும் நூற்றைம்பதுக்கும் நடுவில், அப்போது செடியோடு அறுத்துவிடலாம். இடையில் தலைகாட்டும் பூங்கொத்தைக் கிள்ளிக்கொண்டே இரு. இலை வயதேற வயதேற எடை கூடும், சத்து வீதம் குறையும். எடைக்கு ஆசைப்பட்டுத் தள்ளிப்போடாதே. இலையில் 2.5 சதவீதத்துக்குக் குறையாமல் சென்னோசைடு கேட்பார்கள். அதற்குக் கீழே போனால் சரக்குக்கு மதிப்பில்லை. பறிக்கிற ஆட்களிடம் ஆவாரை இலையைக் கலக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல். பார்வைக்குக் கொஞ்சம் ஒத்திருக்கும், ஆனால் அதில் இந்தச் சத்து கிடையாது. சோதனையில் மாட்டினால் மொத்தச் சரக்கும் திரும்பும்.

வயலில் சரியாகச் செய்தவர்கள்கூடக் காய வைப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். பறித்ததை ஒரு மணி நேரம்கூடக் குவியலாக வைக்காதே. உள்ளே சூடேறி இலை கறுக்கும். நிழலில், காற்றோட்டமான கொட்டகையில், தார்ப்பாய் விரித்து மெல்லிய அடுக்காகப் பரப்பு. முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் புரட்டு. ஏழிலிருந்து பத்து நாளில் காய்ந்துவிடும். நேர் வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், நிறம் வெளுத்து வைக்கோல் மாதிரி ஆகிவிடும். வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்த மஞ்சள் கலந்த பச்சையைத்தான். சாணம் மெழுகிய களத்தில் கண்டிப்பாக வேண்டாம், கிருமி எண்ணிக்கையில் அடிபட்டுப் போகும். ஈரம் எட்டு சதவீதத்துக்கு வந்தால் இலையை மடித்ததும் ‘டப்’ என்று ஒடியும். அப்போதுதான் மூட்டை கட்டு. உலர்ந்த இலையைக் கையாளும்போது மூக்கில் துணி கட்டச் சொல். அந்தத் தூசி சிலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடும்.

விதைப் பாத்திக்கு வா. அங்கே இலை உருவவே கூடாது. செடிக்குச் செடி 45 செ.மீ. விடு. சீக்கிரம் பூத்ததையும், இலை குறுகியதையும், நோய் கண்டதையும் பூக்கும் முன்பே பிடுங்கி எறி. நிலாவாரைப் பூவின் மகரந்தப்பை நுனித் துளை வழியாகத்தான் தூளைக் கொட்டும். உடலை அதிரவைத்து உலுக்கத் தெரிந்த மரத்தச்சன் வண்டு போன்ற தேனீக்கள் வந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். பெட்டித் தேனீ அதைச் செய்யாது. ஆகையால் பூக்கும் காலத்தில் பக்கத்து வயலிலும் மருந்து அடிக்காமல் பேசி வை, வேலியில் கிடக்கும் காய்ந்த மரத்துண்டுகளை விறகுக்கு எடுக்காதே. அவை கூடு துளைப்பது அதில்தான். காய் பழுப்பேறியதும் இரண்டு மூன்று தடவையாகப் பறித்து, நிழலில் உலர்த்தி, கோலால் தட்டி, புடைத்து, பூச்சி அரித்ததை நீக்கிச் சாம்பல் கலந்து பானையில் வை.

அத்தை தினமும் ராத்திரி இந்த இலைக் கஷாயம் குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதை நிறுத்தச் சொல். சென்னோசைடு இரைப்பையிலும் சிறுகுடலிலும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் வேலை செய்யும். அதனால்தான் ராத்திரி குடித்தால் காலையில் போகிறது. ஒரு வாரம் வரைக்கும் சரி. மாதக்கணக்கில் போனால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும், குடலும் பழகிவிடும். அத்தை இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு நாளும் வேண்டாம்.

நிலத்தில் பல இடங்களில் ஒரு சாண் ஆழம் தோண்டி மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவை மண் பரிசோதனைக்குக் கொடு. கார அமில நிலை (pH) 7க்கும் 8.5க்கும் நடுவில் இருந்தால் கவலை இல்லை. முடிவுச் சீட்டையும், மழைத் தண்ணீர் எந்த மூலையில் தேங்கும் என்பதற்கு ஒரு வரைபடத்தையும் அனுப்பு. விதைப் பாத்தியை எங்கே வைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மச்சான்