துரித உணவு: எத்தனை முறை என்று கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துரித உணவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அது உடலுக்குக் கெடுதல் என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை ஃப்ரைடு ரைஸ் சாப்பிடுபவரையும், வாரத்தில் நான்கைந்து இரவுகள் அதையே நம்பியிருப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல.

குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகர்ப்புறங்களில் மாதச் செலவில் பானங்கள், பதப்படுத்திய உணவு முதலியவற்றின் பங்கு 1999-2000இல் 6.35 விழுக்காடாக இருந்து 2022-23இல் 10.64 விழுக்காடாக உயர்ந்தது, கிராமங்களிலோ 4.19இலிருந்து 9.62 ஆகி, இருமடங்கையும் தாண்டிவிட்டது. எனினும் இதில் டீயும் பிஸ்கட்டும் சேர்ந்தே இருப்பதால், கடைச் சாப்பாட்டை மக்கள் எவ்வளவு அடிக்கடி நாடுகிறார்கள் என்பது இதிலிருந்து தெரியாது.

அமெரிக்காவில் நேற்று என்ன சாப்பிட்டீர்கள், அதை எங்கே வாங்கினீர்கள் என்று தேசிய அளவில் கேட்கிறார்கள். ஒரு நாளில் துரித உணவு சாப்பிட்ட பெரியவர்கள் 2013-16இல் 36.6 விழுக்காடு என்பதும், 2021-23இல் அது ஏறத்தாழ 32 ஆகக் குறைந்தது என்பதும் அதனால்தான் தெரியவந்தன.

எங்கள் திண்டுக்கல்லில் மாலை மயங்கியதும் சாலையோரத் தள்ளுவண்டிகளில் அடுப்புகள் சீறத் தொடங்குகின்றன. பெரிய வாணலியில் முட்டையும் முட்டைக்கோஸும் சோறும் சாஸும் புரண்டு, சில நிமிடங்களில் பார்சலாகிக் கைமாறுகின்றன. வாங்குவோரில் பலர், சமைக்க அடுப்பில்லாத அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களும் ஷிஃப்ட் முடிந்து வரும் மில் தொழிலாளர்களுமே. இவர்களைத் தின்பண்ட ஆசை பிடித்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளுள்ள உணவகங்கள் உணவுப் பட்டியலில் கலோரி அளவைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2022 முதல் நடைமுறையில் இருந்தாலும், இந்த வண்டிகளுக்கு அது பொருந்தாது.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் உடல் எடை மிகுந்த பெண்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4. இதற்குத் துரித உணவு மட்டுமே காரணம் என்று கூற இயலாது. எவ்வளவு பங்கு அதற்குண்டு என்று அறியாமலே இருப்பதும் முறையல்ல. பொரித்த உணவை எவ்வளவு அடிக்கடி உண்கிறீர்கள் என்று ஏற்கெனவே கேட்கும் அந்த ஆய்வு, கடந்த ஏழு நாட்களில் எத்தனை வேளை வெளியில் வாங்கிச் சாப்பிட்டீர்கள், தள்ளுவண்டியிலா, உணவகத்திலா, செயலி வழியாகவா என்பதையும் அடுத்த சுற்றில் சேர்த்துக் கேட்குமாறு தமிழக அரசு ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்