வளாகத் திரையிடும் அறைகளும் படச்சுருள்களும் ஏலத்துக்குப் போகும் முன் காப்பாற்றி ஆவணப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கல்லூரித் திரைப்படச் சங்கங்களின் முன்னாள் பொறுப்பாளர்கள், ஓய்வுபெற்ற ஆபரேட்டர்கள், படச்சுருள் பாதுகாப்பில் பணியாற்றியோர்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: பல்கலைக்கழகங்கள், அரசுக் கல்லூரிகளின் அரங்குகளிலும் மாணவர் மன்றக் கட்டடங்களிலும் எஞ்சியுள்ள ப்ரொஜெக்டர்கள், படச்சுருள்கள், பதிவேடுகள் ஆகியவற்றைக் கழிவுப் பொருளாக ஏலம் விடுவதை நிறுத்திவைத்துக் கணக்கெடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பல்கலைக்கழகங்கள், அரசுக் கல்லூரிகள், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகிய மூன்றும் தங்கள் துறையின் கீழ் வருகின்றன. பொருள் இருக்கும் இடமும் அது போய்ச் சேர வேண்டிய இடமும் ஒரே துறையில் இருப்பதால், தாங்கள் பிறப்பிக்கும் ஒரே ஆணையால் இது நடக்கும் என்ற நம்பிக்கையுடன் இம்மனுவை அளிக்கிறோம்.

1959-ல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது சத்யஜித் ராய் தலைவராகவும், சென்னைத் திரைப்படச் சங்கத்தை வழிநடத்திய அம்மு சுவாமிநாதன் துணைத் தலைவராகவும் இருந்தார்கள். 1964-ல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கிய பின், அங்கிருந்து படங்களை வரவழைத்துத் திரையிடும் வழி சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கிடைத்தது. வணிகத் திரையரங்கில் வராத அயல்மொழிப் படங்களை நம் மாணவர்கள் பார்த்தது இப்படித்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் திறந்தவெளி அரங்கில் சனிக்கிழமை இரவுப் படம் பல தலைமுறை மாணவர்களுக்கு வார வழக்கமாகவே இருந்தது. அது மத்திய நிறுவனம். தங்கள் ஆணை அதைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தன் வரலாற்றைச் சேர்த்துவைக்க அந்நிறுவனம் 2006-ல் ஒரு மரபு மையம் தொடங்கியதை முன்மாதிரியாகக் காட்ட விரும்புகிறோம். மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் நடந்த திரையிடல்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

வளாகங்களில் இரண்டு வகைக் கருவிகள் இருந்தன. பெரிய அரங்கில் 35 மி.மீ. அகலச் சுருளை ஓட்டுவது; வகுப்பறையிலும் மாணவர் மன்றத்திலும் கையில் தூக்கிச் செல்லும் 16 மி.மீ. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் 35 மி.மீ.யில் ஏறத்தாழ 13,500 அடி. நம் வழக்கப்படி ஆயிரம் அடிக்கு ஒரு ரீல் என்றால் 14 ரீல். அதே படம் 16 மி.மீ.யில் 5,400 அடி; 1,600 அடி ஸ்பூலில் நான்கு. ஒரே ப்ரொஜெக்டர் உள்ள இடத்தில் ஸ்பூல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டாக வேண்டும். படத்தைப் பற்றிய பேச்சு அந்த இடைவெளிகளில்தான் தொடங்கும். திரைப்படச் சங்கங்களின் விவாத வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

பிறகு வீடியோ வந்தது, டிஜிட்டல் வந்தது, படச்சுருள் அச்சிடுவதே நின்றது. கருவிகள் ஸ்டோர் அறைக்குப் போயின. ‘பயன்பாடற்றவை’ என்று இருப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டு எடைக்கு விற்கும் பட்டியலில் அவை சேர்ந்துவருகின்றன. அவ்வாறு சேரும் பொருள்கள் எவை, அவற்றை எப்படிக் கையாள வேண்டும் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

முதலில் கேபின், அதாவது ப்ரொஜெக்டர்கள் நிற்கும் திரையிடும் அறை. பழைய அரங்கின் பின்சுவரில், ஒவ்வொரு ப்ரொஜெக்டருக்கும் ஒளி செல்ல ஒரு துளையும் ஆபரேட்டர் பார்க்க ஒரு துளையும் இருக்கும். தீப்பிடித்தால் தானாக விழும் இரும்பு மூடிகள், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, கார்பன் விளக்கின் புகை போகும் குழாய், விளக்குக்கு நேர்மின்சாரம் தரும் ரெக்டிஃபையருக்குத் தனி இடம் ஆகியவையும் சேர்ந்ததே கேபின். அரங்கைப் புதுப்பிக்கும்போது இந்தத் துளைகளைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிடுகிறார்கள். அடைப்பதற்கு முன் அளவெடுத்த வரைபடமும் நான்கு சுவர்களின் புகைப்படங்களும் எடுக்கும்படி பொதுப்பணித் துறைக்கு அறிவுறுத்த வேண்டுகிறோம். துளையின் உயரத்தையும் சாய்வையும் கொண்டுதான் பழைய திரை எங்கே, எந்த அளவில் இருந்தது என்று கணக்கிட முடியும்.

அடுத்து கருவிகள். ஆர்வத்தில் யாரும் சுவிட்சைப் போட்டுப் பார்க்கக் கூடாது. பல ஆண்டுகள் கிடந்த ஆம்ப்ளிஃபையரின் கண்டென்சர்கள் முழு மின்னழுத்தம் பட்டதும் வெடிக்கலாம். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் மெல்ல ஏற்றியே சோதிக்க வேண்டும். ஸெனான் விளக்கு குளிர்ந்திருந்தாலும் உள்ளே வாயு உயர் அழுத்தத்தில் இருக்கும். முகக் கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் விளக்கு இருக்கும் லாம்ப்ஹவுஸைத் திறந்தால் கண் போகும். லென்ஸ், ஒலித்தடத்தை வாசிக்க உதவும் எக்ஸைட்டர் விளக்கு, சுருளை ஒட்டும் ஸ்பிளைசர், திருப்பிச் சுற்றும் ரீவைண்டர், காலி ஸ்பூல்கள் எல்லாம் அந்தந்தக் கருவியுடனே சேர்த்துக் கட்டப்பட வேண்டும். குறிப்பாக லென்ஸைத் தனியாகப் பிரித்தால் அது எந்த அரங்கின் தூரத்துக்கு வாங்கப்பட்டது என்ற தகவல் தொலைந்துபோகும்.

மிக அவசரமானவை படச்சுருள்கள். டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் சுருளின் அடித்தளமான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். பக்கத்து டப்பாவையும் தொற்றும். இதைக் குணப்படுத்த வழியில்லை, வேகத்தைக் குறைக்க மட்டுமே முடியும். வெப்பமும் ஈரமும் இதற்குத் தீனி. கடலோர ஊர்களில் தகரக்கூரை ஸ்டோரில் கிடப்பவை முதலில் அழியும். காடி வாசனை உள்ளவற்றை உடனே வேறு அறைக்கு மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டக் கூடாது, அமிலம் உள்ளேயே தங்கிவிடும். வாசனை தெரியாதவற்றில் அமிலத்தை நிறம் மாறிக் காட்டும் ஏ-டி சோதனைத் தாளை ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம். நீலமாகவே இருந்தால் நலம், பச்சை தொடக்கம், மஞ்சள் என்றால் அதை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

எந்தச் சுருளையும் பழைய ப்ரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க அனுமதிக்கக் கூடாது. சுருங்கிய சுருளின் துளைகள் பல்சக்கரத்தோடு பொருந்தாமல் கிழியும். ஒரு ஸ்கேலே இதைச் சொல்லிவிடும்: 16 மி.மீ. பிரதியில் அடுத்தடுத்த 100 துளை இடைவெளிகள் 762 மி.மீ. நீளம் இருக்க வேண்டும்; 754-க்குக் கீழ் இறங்கினால் சுருக்கம் ஒரு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 35 மி.மீ.யில் அதே அளவு 475, எல்லை 470. வண்ணப் பிரதிகள் பல சிவந்துபோயிருக்கும். சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் மங்குவதே காரணம். அவற்றையும் தூக்கி எறியக் கூடாது, ஸ்கேன் செய்தபின் ஓரளவு வண்ணத்தை மீட்கலாம்.

1951-க்கு முற்பட்ட 35 மி.மீ. சுருள் எதுவானாலும் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டாக இருக்கலாம். அது தண்ணீருக்குள்ளும் எரியும். ஓரத்தில் ‘சேஃப்டி’ (எளிதில் தீப்பிடிக்காதது) என்று இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. நெகட்டிவில் இருந்த எழுத்து பிரதியிலும் பதிந்திருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால் தொடாமல், அறையைப் பூட்டி, தீயணைப்புத் துறைக்கும் புனே காப்பகத்துக்கும் தெரிவிப்பதே முறை. 16 மி.மீ.யில் இந்த அச்சம் இல்லை.

எங்களைக் கேட்டால் எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கவை கல்லூரியே எடுத்த சுருள்கள்தான்: பட்டமளிப்பு விழா, விளையாட்டு விழா, மாணவர்களின் குறும்படம். வணிகப் படத்துக்கு வேறு பிரதி எங்காவது இருக்கும். கேமராவில் ஓடிய சுருளே திரையிடும் படமாகும் ரிவர்சல் சுருளில் எடுத்தவற்றுக்கு நெகட்டிவே கிடையாது. கையில் இருப்பது மட்டுமே மூலம்.

காகிதங்களையும் மறக்க வேண்டாம். படம் எடுத்த வாடகை ரசீது, காட்சி அட்டவணை, உறுப்பினர் சந்தாப் பதிவேடு, நிதி திரட்டும் காட்சிக்குக் கேட்ட கேளிக்கை வரி விலக்குக் கடிதம், 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றிலிருந்துதான் எந்த வளாகத்தில் எந்த ஆண்டு என்ன ஓடியது என்பது தெரியவரும்.

ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவாறு ஆணையிட வேண்டுகிறோம். கணக்கெடுப்பு முடியும் வரை இப்பொருள்களின் ஏலத்தை நிறுத்திவைக்க வேண்டும். ஒவ்வொரு வளாகமும் கருவியின் பெயர், வரிசை எண், சுருள்களின் எண்ணிக்கை, டப்பா மீதுள்ள எழுத்து, காடி வாசனை உண்டா இல்லையா என்ற ஐந்தை மட்டும் ஒரு படிவத்தில் நிரப்பி, புகைப்படத்துடன் 60 நாள்களுக்குள் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். காப்பகத்தில் 20 டிகிரிக்குக் கீழும், ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள்ளும் ஓர் அறை ஒதுக்கப்பட வேண்டும், ஏ.சி. இரவில் நிறுத்தப்படக் கூடாது, ஏறி இறங்கும் வெப்பநிலையால் டப்பாவுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். இக்கருவிகளை இயக்கிய ஆபரேட்டர்கள் பலர் முதுமையில் உள்ளனர். அவர்களது நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் பணியை இதழியல், காட்சித் தொடர்பியல் துறை மாணவர்களுக்குத் திட்டப்பணியாக வழங்கலாம்.

படிவம் தயாரிக்கவும், ஸ்டோர் பொறுப்பாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி தரவும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். பருவமழைக்கு முன் ஆணை வெளிவந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

நகல்: ஆணையர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர், சென்னை.