ஒரே பழைய கணினியில் பல இயங்குதளங்கள்: முறையோடு சொல்லித் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து, பழுதேதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை என்ன செய்வது என்ற கேள்வி பலரிடமும் எழுந்திருக்கிறது. டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியையும் யுஇஎஃப்ஐ முறையில் துவங்கும் மதர்போர்டையும் விண்டோஸ் 11 கட்டாயமாக்கியிருப்பதோடு, ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியதுமான இன்டெல் புராசசர்களை, ஓரிரு விலக்குகள் தவிர, ஏற்றுக்கொள்வதும் இல்லை. ஆகவே புதிய கணினி வாங்கிவிடுங்கள் என்பதே எங்கும் கிடைக்கும் அறிவுரையாக இருக்கிறது. ஆனால், ஒரே வன்தட்டில் இரண்டு மூன்று இயங்குதளங்களை நிறுவி, ஒவ்வொன்றையும் அதற்கேற்ற வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் வழி நெடுங்காலமாகவே இருக்கிறது. தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதி இதை விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

பழைய பதிப்பை யாரும் பழம்பாசத்தினால் வைத்திருப்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியோடு டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) நின்றுபோன ஒரு ஸ்கேனர், பேரலல் போர்ட்டில் டாங்கிள் என்ற பூட்டுச் சாவியைச் செருகினால்தான் திறக்கும் ஒரு கணக்கு மென்பொருள், யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அச்சுக்கோத்த கோப்புகள் என்று ஏதாவது ஒன்று அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. இத்தகையவர்களுக்கு ஓர் இயங்குதளத்துக்குள் இன்னொன்றை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் பழைய பதிப்பை ஓட்டும் வழியும் உண்டு. வெறும் மென்பொருள் தேவைக்கு அதுவே நல்லது. ஆனால் பிசிஐ ஸ்லாட்டில் செருகிய அட்டையை அதற்குள்ளிருந்து இயக்குவது பழைய கணினிகளில் பெரும்பாலும் முடியாத காரியம். இருக்கும் கொஞ்ச ரேமையும் இரண்டு இயங்குதளங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். தனித்தனியாக நிறுவினால், எதைத் துவக்குகிறோமோ அதற்கே முழுக் கணினியும் கிடைக்கும்.

இதில் இறங்குபவர்கள் முதலில் தடுமாறுவது நிறுவும் வரிசையில்தான். பழைய பதிப்பை முதலிலும், புதியதை அதன் பின்னும், லினக்ஸ் வேண்டுமென்றால் அதைக் கடைசியிலும் நிறுவ வேண்டும். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டா தொடங்கி விண்டோஸின் துவக்க முறையே மாறிவிட்டது. முன்பே வெளிவந்த எக்ஸ்பிக்கு அந்தப் புதிய முறை தெரியாது. பிந்தி நிறுவப்பட்டால் அது தன் துவக்க நிரலை மேலே எழுதிவிடும், விண்டோஸ் 7 வட்டில் பத்திரமாக இருந்தும் துவங்காது. லினக்ஸின் துவக்க நிரலான கிரப்போ மற்ற இயங்குதளங்களையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளக் கூடியது. ஆனால் 2021இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து, பிற இயங்குதளங்களைத் தேடும் வசதியை கிரப் இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் நாமே அதை இயக்க வேண்டியிருக்கலாம். இது தெரியாமல், விண்டோஸ் அழிந்துவிட்டது என்று எண்ணி வட்டை மறுபடி ஃபார்மேட் செய்தவர்கள் உண்டு.

வன்தட்டைப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த வட்டில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் இடமில்லை. விண்டோஸ் 7 காலத்துக் கணினிகள் பலவற்றில் தயாரிப்பாளரே மூன்று நான்கு பிரிவுகளை எடுத்துக்கொண்டிருப்பதால், இருப்பதை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். எக்ஸ்பியின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியால், புதிய பதிப்புகள் அமைத்த பிரிவுகளைத் தொடவே கூடாது. எக்ஸ்பியை நிறுவும்போது தொடக்கத்திலேயே நீலத் திரை வந்து 7பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டினால், பெரும்பாலும் வட்டில் கோளாறு இருக்காது. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், வன்தட்டை இணைக்கும் சாட்டாவின் முறை ஏஹெச்சிஐ என்று இருக்கிறது, அதற்கான டிரைவர் எக்ஸ்பியிடம் இல்லை, அவ்வளவுதான். ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றினால் எக்ஸ்பி ஏறிவிடும். ஆனால் ஏஹெச்சிஐ முறையில் முன்பே நிறுவியிருக்கும் விண்டோஸ் 7 அதே நீலத் திரையோடு நின்றுவிடும். ஆகவே எந்த முறை என்பதை முதல் நிறுவலுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் திரும்பச் செய்து சரிப்படுத்திவிடலாம். கோப்புகளையே பறிகொடுக்கச் செய்யும் ஆபத்து வேறு ஒன்று, அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. இயங்குதளத்தின் உட்கருவும் திறந்திருக்கும் பிரிவுகளின் நிலையும் வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எழுப்பப்படுகின்றன. இடையில் விண்டோஸ் 7ஐத் துவக்கி, இரண்டும் பயன்படுத்தும் பொதுப் பிரிவில் ஒரு கோப்பைச் சேமித்தோம் என்று வைத்துக்கொள்வோம். மீண்டும் எழும் விண்டோஸ் 10 அந்த மாற்றத்தை அறியாமல், தன் நினைவில் இருக்கும் பழைய பட்டியலையே நம்பி எழுதத் தொடங்கும். புதிய கோப்பு காணாமல் போவதோடு பிரிவே சிதைந்தும் போகலாம். லினக்ஸ் பொதுவாக இந்த நிலையைக் கண்டுகொண்டு, அப்பிரிவில் எழுத மறுத்துவிடும். பழைய விண்டோஸுக்கு அந்த எச்சரிக்கை உணர்வு கிடையாது. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஒரே ஒரு குறியை எடுத்துவிட்டால் இந்த ஆபத்து நீங்கிவிடும். இத்தனை சிறிய வேலையை நிறுவும் வழிகாட்டிகள் பலவும் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஹைபர்னேட் நிலையில் (திறந்திருப்பதையெல்லாம் வட்டில் சேமித்து உறங்கும் நிலை) ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றைத் துவக்குவதும் இதே கேட்டைத்தான் விளைவிக்கும்.

எக்ஸ்பியைத் துவக்கினால், அதன் பார்வையில் படும் புதிய விண்டோஸ் பிரிவுகளில் உள்ள ரெஸ்டோர் பாயின்ட்டுகள் (முந்தைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் சேமித்து வைப்பவை) அழிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அவற்றை மட்டும் நம்பாமல், முழு வட்டின் நகல் ஒன்றை வெளி வன்தட்டில் எடுத்து வைத்த பிறகே இந்த வேலையில் கை வைக்க வேண்டும்.

ஆதரவு முடிந்த பதிப்பை இணையத்தில் இணைக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பதே என் உறுதியான கருத்து. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரியிலும் முடிந்துவிட்டன. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற பிணைத்தொகை கேட்கும் தீநிரல் பரவியபோது, கைவிட்டு மூன்றாண்டுகள் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தத்தை வெளியிட வேண்டியிருந்தது. பழைய பதிப்பில் நெட்வொர்க் டிரைவரையே நிறுவாமல் விடுவது எளிய பாதுகாப்பு. இணையம், வங்கி, மின்னஞ்சல் எல்லாம் இன்னும் திருத்தங்கள் பெறும் இயங்குதளத்தில்தான் நடக்க வேண்டும். விண்டோஸ் 11 ஏறாத கணினிக்கு அது பெரும்பாலும் லினக்ஸாகவே இருக்கும். 32 பிட் புராசசர் உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு முதல் அவற்றுக்கான நிறுவி வெளிவருவதில்லை.

செயலிகளையும் கைபேசிகளையும் பற்றி எழுதும் தங்கள் தொழில்நுட்பப் பகுதி, பயாஸ் திரையிலிருந்து கடைசிப் பூட் பட்டியல் வரை ஒவ்வொரு படியையும் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு விளக்கும் தொடர் ஒன்றை வெளியிட்டால், கணினியைக் கழித்துக் கட்டும் எண்ணத்தில் இருக்கும் பலருக்கும் அது பயன்படும். அப்படி எழுதும்போது, நகல் எடுப்பதையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பதையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் முதல் பகுதியிலேயே சொல்லிவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்