முட்டி வலி என்று விட்டுவிடாதே

கண்ணா,

நேற்று போனில், "ரெண்டு வாரமா வலது முட்டி வலிக்குதும்மா, வண்டி ஓட்டுறதால இருக்கும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. பேசினால் பாதியிலேயே 'சரிம்மா சரிம்மா' என்பாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

அப்பாவுக்கும் முட்டியில்தான் ஆரம்பித்தது. எட்டு மாதம் முட்டிக்குத் தைலம், முட்டிக்கு எக்ஸ்ரே, முட்டிக்கு உறை. வலது கால் நகம் வெட்டக் காலை மடக்க முடியாமல் நகவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார், நான்தான் வாங்கி வெட்டிவிடுவேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு எலும்பு டாக்டர் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இடுப்பு மூட்டு உள்பக்கமாகத் திரும்பவே இல்லை, அப்பா தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டார். தேய்ந்திருந்தது இடுப்பு மூட்டு. அங்கே போகும் நரம்புகளே முழங்காலுக்கும் போவதால், கோளாறு மேலே இருந்தாலும் வலி கீழே தெரியுமாம்.

உனக்கு 34 வயது, தேய்மானத்துக்கான வயதில்லை. என் பயம் வேறு. 2021-ல் கொரோனாவில் படுத்தபோது உனக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள், ஊசியாகவும் அப்புறம் மாத்திரையாகவும். உயிரைக் காத்த மருந்து, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை அதிகம் எடுத்தவர்களில் சிலருக்கு இடுப்பு மூட்டுக்குள் உட்காரும் தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகிறது. ஏவிஎன் என்கிறார்கள். மாதங்கள் கழித்தும் வரும், வருஷங்கள் கழித்தும் வரும். அதிகமாகக் குடிப்பதும் ஒரு காரணம், டாக்டர் கேட்டால் எதையும் மறைக்காதே.

ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரிந்துவிடும். பந்து நசுங்குவதற்கு முன்னால் பிடித்தால் எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்துக் காப்பாற்றப் பார்க்கலாம், நசுங்கிவிட்டால் பெரும்பாலும் மூட்டு மாற்றுதான்.

இன்று ராத்திரி சம்மணம் போட்டு உட்கார்ந்து பார். தொடை இடுக்கில் பிடிக்கிறதா? சாக்ஸ் போடும்போது, காரில் ஏறும்போது? ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பின் வெளிப்பக்க எலும்பில் மட்டும் வலித்தால் அது பெரும்பாலும் அங்கே உள்ள தசைநார், உராயாமல் இருக்க எலும்பின் மேல் இருக்கும் சின்ன நீர்ப்பை சம்பந்தப்பட்டது, அவ்வளவு பயமில்லை. பிட்டத்திலிருந்து முட்டிக்குக் கீழே வரை சுரீரென்று இழுத்தால் முதுகையும் பார்க்கச் சொல். எதுவானாலும் வலி மாத்திரை போட்டு அமுக்கிவிட்டு வேலைக்குப் போகாதே, நொண்ட ஆரம்பித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

சனிக்கிழமை எலும்பு டாக்டரைப் பார், முட்டியோடு இடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல், ஸ்டீராய்டு எடுத்ததை முதலிலேயே சொல்லிவிடு. அன்றைய டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில்தான் இருக்கிறது, அப்பா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பார்த்துவிட்டு வெளியே வந்ததும் எனக்கு போன் பண்ணு.

அம்மா